முந்தாநாள் பூர்வீகம்

ஒரு குட்டித் தேனீயின் குடலில் கிருமி ஒன்று தனியாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அக்கா தேனீ ஊட்டிவிட்ட தேனோடு இன்னொரு கிருமியும் உள்ளே வந்து சேர்ந்தது.

"இது எங்க பூர்வீகம். வந்தேறிக்கெல்லாம் இங்க இடமில்லை" என்று மறித்தது பழையது.

"நீங்க எப்போ வந்தீங்கண்ணே?"

"முந்தாநாள். இதே அக்கா ஊட்டினப்போதான்."

"எனக்கு மகரந்தத்தைச் செரிக்க வைக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. அதுக்காக உன்னைச் சேர்த்துக்க முடியுமா?"

"தின்னது செரிக்காம இந்தப் புள்ள செத்துப்போகுமே."

"போகட்டும். மானத்தோட போகட்டும்."

புதியது எச்சத்தோடு வெளியேறியது. நாலாம் நாள் குட்டித் தேனீ வயிறு வீங்கிச் செத்தது. மற்ற தேனீக்கள் அதை இழுத்துப்போய்க் கூட்டுக்கு வெளியே தள்ளின.

அதன் குடலுக்குள்ளே பழைய கிருமி நிம்மதியாகச் சாய்ந்து படுத்தது.

"இனிமே ஒரு பயலும் உள்ள வரமாட்டான்."