சிங்கப் பக்கம்

"ஒன்பதுக்கு ஒன்பது!" என்று அறிவிப்பாளன் கன்யேத்தே ஒலிபெருக்கியில் அலறியதும் சதுக்கமே எழுந்து நின்றது.

பராகுவேயின் சுதந்திர தின வினாடி வினா. பாக்கி ஒரே ஒரு கேள்வி. மேடையில் நின்றது இரண்டே பேர்.

ஒருவன் நான். முப்பத்தொரு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்ற வாத்தியார்.

இன்னொருத்தி பெலாகியா. பேருந்து நிறுத்தத்தில் சிப்பா ரொட்டி விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்து அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பரிசு, மேடையோரம் வேப்பமரத்தில் கட்டியிருந்த செவலைக் கிடாரி. சினைக் கிடாரி. அடுத்த மாதம் ஈன்றுவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மாடு வேண்டாம். சிப்பா விற்கிறவளிடம் தோற்றால் நாளைக்குக் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான் என் கவலை.

அவள் கவலை வேறு. மரவள்ளி மாவோடு சீஸ் சேர்த்துப் பிசைந்து சுட்டால்தான் அது சிப்பா. சீஸுக்குப் பால் கறந்துகொண்டிருந்த அவளுடைய ஒரே பசுவைப் போன மாதம் பாம்பு கடித்துவிட்டது. அன்றிலிருந்து விலைக்கு சீஸ் வாங்கிப் பாதிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கிடாரியை அவள் பார்த்த பார்வையை நானும் கவனித்தேன். கவனித்தும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

கூட்டத்தில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். "வாத்தியாரே, மானத்தக் காப்பாத்துங்க!" என்று ஒருவன் கத்தினான். "பெலாகியாக்கா, அவர முட்டி போட வையி! எங்கள எத்தன தடவ போட வச்சிருப்பாரு!" என்று இன்னொருவன். சிரிப்பு அடங்கவே இல்லை.

கன்யேத்தே அட்டையை உயர்த்தினான். "நம்ம கொடியில, சிங்கத்துக்குப் பின்னால ஒரு கழி நிக்குதே, அதோட உச்சியில என்ன இருக்கு?"

வாய் மூடுவதற்குள் கரண்டியால் வாணலியை ஓங்கி அடித்தேன். அதுதான் எங்களுக்கு மணி.

"நட்சத்திரம்!"

சதுக்கம் முழுக்க 'ஐயோ' என்றது.

எங்கள் கொடிக்கு முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறொன்று. முன்பக்கம் நட்சத்திரம், அதைச் சுற்றி ஓலையும் ஒலிவக் கிளையும். பின்பக்கம்தான் சிங்கம். பராகுவேயில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது நட்சத்திரம். எனக்கு விடை தெரியாதா என்ன? நாக்கு முந்திக்கொண்டுவிட்டது.

வாய்ப்பு பெலாகியாவுக்குப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொப்பி. சிவப்புத் தொப்பி. அடிமையா இருந்தவன் விடுதலையானதும் தலையில வச்சுக்கிற தொப்பி. அத யாரும் தட்டிக்கிட்டுப் போயிடாம சிங்கம் காவல் இருக்கு. அதனால, சிவப்புப் பென்சிலுக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அழுத்தித் தீட்டுங்க!"

பேண்டு வாத்தியம் முழங்கியது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். கிடாரி மிரண்டு கயிற்றை இழுத்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிவப்புப் பென்சில், கஞ்சத்தனம், அழுத்தித் தீட்டு. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கொடிக்கம்பத்தடியில் நின்று, கொடி வரையும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் சொன்ன வாக்கியம், என் சொந்த வாக்கியம்!

தோற்றவன் என்பதே மறந்துபோனது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உயர்த்தினேன். ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "இவ என் மாணவி! நான் சொல்லிக் கொடுத்தது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அத்தனை சந்தோஷமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.

"ஆமாய்யா, எல்லாம் நீங்க சொன்னதுதான்," என்றாள் பெலாகியா. கன்னமெல்லாம் கண்ணீர். கிடாரியின் கயிறு அதற்குள் அவள் கைக்கு வந்திருந்தது.

"எந்த வருஷம்மா நீ? எந்த பெஞ்சு? முகம் ஞாபகம் வரலையே!"

"உள்ள எங்கய்யா வந்தேன்? பள்ளிக்கூடத்து வெள்ள அங்கி இல்லாம வந்தா சேக்க மாட்டோம்னுட்டாங்க. வேலிக்கு வெளியவே நின்னுகிட்டேன். வடகாத்துல கொடி பறக்கிறப்ப உள்ள இருக்கிறவங்களுக்கு நட்சத்திரம் தெரியும், எனக்குச் சிங்கம் தெரியும். நீங்க தீட்டச் சொல்றப்பல்லாம் நானும் தரையில தீட்டுவேன். செம்மண்ணுக்கா பஞ்சம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில்லை அது. கிடாரியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து மேடையோரமாகவே நடத்திக்கொண்டு போனாள். ஜனம் வழிவிட்டுக் கைதட்டியது.

ஒலிபெருக்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. "அய்யா, மாணவியப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க!" என்றான் கன்யேத்தே.

சேர்க்க மாட்டோம் என்று சொன்னது யார் என்பதை அவள் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு வாத்தியார்தான்.