ஏழு-பியில் ஓடாத ஃபேன்

"லைட்டு எரியுது, ஃபேன் ஓடலை. தலைகீழா இருக்கே டீச்சர், இது என்ன கணக்கு?"

வகுப்புக்குள் வந்து முனீஸ்வரி டீச்சரின் எதிரே நின்று கேட்டார் மரியராஜ். பட்டப்பகல். ஜன்னல் வழியே வந்த வெயில் கரும்பலகையில் பளீரென்று விழுந்து கிடந்தது. பிள்ளைகளின் தலைக்கு மேலே மூன்று டியூப் லைட்டுகள் வெட்டியாக எரிந்துகொண்டிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில் ஃபேன்கள் மட்டும் சும்மா தொங்கின.

"பிள்ளைங்கதான் சார் வேணாங்குதுங்க. காத்து ஒத்துக்கலையாம். லைட்டு இல்லாட்டி எழுதுறது தெரியலையாம்" என்றார் டீச்சர், தயங்கித் தயங்கி.

பிள்ளைகள் சொல்வதும் டீச்சர் கேட்பதுமா? மரியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளாங்குடியில் உள்ள அந்த மிஷன் பள்ளியில் இந்த வருஷம் மின்சாரச் செலவைக் குறைத்தே தீரவேண்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டிருந்தார். பொறுப்பு இயற்பியல் ஆசிரியர் மரியராஜின் தலையில் விழுந்தது. அவரும் ஏனோதானோ என்று செய்கிறவர் இல்லை. தூசி படிந்த விளக்குகளைத் துடைக்கவைத்தார், பெஞ்சுகளை ஜன்னல் பக்கம் நகர்த்தினார், ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் ஓடிப்போய் நிறுத்தினார். பிள்ளைகள் அவருக்கு 'ஈ.பி. சார்' என்று பெயர் வைத்தார்கள். எல்லா வகுப்புகளும் வழிக்கு வந்துவிட்டன. ஏழு-பி மட்டும் வரவில்லை.

நாளைக்குக் கூட்டம். சொன்ன பேச்சைக் கேட்காத வகுப்பு எது என்று தாளாளர் கேட்பார். அந்த வகுப்பு ஆசிரியர்தான் பதில் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு ஒரு கண்டிப்போடு போய்விடும். முனீஸ்வரி டீச்சருக்கு அப்படி இல்லை. அவர் அரசு சம்பளம் வாங்குகிறவர் அல்ல. நிர்வாகம் வைத்த டீச்சர், வருஷா வருஷம் வேலையைப் புதுப்பிக்கவேண்டும். செல்லூரில் தறி ஓடாமல் வீட்டோடு முடங்கிவிட்ட கணவனுக்கும், கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் இவர் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. அது தெரிந்ததால்தான் மரியராஜ் கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்க்க வந்திருந்தார்.

ஆனால் வந்த இடத்தில் மனசு இன்னும் கசந்துபோனது. ஒரு பையன் எழுந்து பாடம் வாசித்தான். "மளை பொளிந்தால் வாளை தளைக்கும்" என்றான். டீச்சர் அவனையே உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, உக்காரு" என்றார்.

மரியராஜால் நம்ப முடியவில்லை. ழகரம் வராத பிள்ளையை நாக்கு மடியும்வரை உட்காரவிடாத தமிழ் டீச்சர் இவர். ஒரு காலத்தில் மற்ற ஆசிரியர்களே இவர் முன்னால் 'பழம்' என்று சொல்ல யோசிப்பார்கள். இப்போது மழையும் மளையும் ஒன்றாகிவிட்டன. பாடத்தில் அக்கறை போய்விட்டது. போன வாரம் வராந்தாவில் மரியராஜ் பின்னாலிருந்து வணக்கம் சொன்னதற்கு ஒரு பதில்கூட இல்லை. மரியாதையும் போய்விட்டது. இப்படிப்பட்டவருக்காகத் தாளாளரிடம் எதற்குப் பரிந்து பேசவேண்டும்?

அவர் நேரே போய் லைட்டுகளை அணைத்தார். ஃபேன்களை முழு வேகத்தில் போட்டார். பழைய ஃபேன்கள் கடகடவென்று சுற்றத் தொடங்கின.

"பாடத்தை நடத்துங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து பதில் சொன்னாள். சரியான பதில்தான். டீச்சர் மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். டீச்சர் மூன்றாவது தடவையும் கேட்டார், முகமெல்லாம் வேர்த்து. வகுப்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

அப்போது வகுப்புத் தலைவி பவதாரிணி எழுந்தாள். யாரிடமும் கேட்காமல் போய் ஃபேன்களை நிறுத்தினாள், லைட்டுகளைப் போட்டாள், திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தாள்.

மரியராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவர் கண்ணுக்கு முன்னாலேயே! பவதாரிணியை வெளியே வரச்சொல்லி, வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப் போனார். அங்கே அவள் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் கோபம் போய் வருத்தம்தான் மிஞ்சியது.

"நீங்க விளையாட்டுத்தனமா செய்றீங்கம்மா. இதுக்குப் பதில் சொல்லப் போறது உங்க டீச்சர். அவங்களுக்கு வேலையே போயிரும், தெரியுமா?"

பவதாரிணி வகுப்பு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் வெளியே வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"ஃபேன் ஓடுனா நாங்க பேசுறது டீச்சருக்குக் கேக்காது சார். லைட்டு வெளிச்சத்துல எங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறாங்க… எங்களுக்குத் தெரியும்ங்கிறது டீச்சருக்குத் தெரியாது, சொல்லிராதீங்க சார்."