கண்ணைப் பார்த்துப் பேசு

இன்டர்வியூ என்றால் வாய்க்கு முன்னால் உடம்பு பேசிவிடும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைப் பிசையவில்லை. எதிரில் இருந்தவரின் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா?"

"முடியும்."

"குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா?"

"குழந்தையோட அப்பா பாத்துக்குவார்."

அவர் முகம் சுருங்கியது. "சரி, யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க ஒண்ணுமில்லைங்க. வேலை நேத்தே கிடைச்சாச்சு. திங்கக்கிழமை போய்ச் சேர்றேன்."

என் கணவர் சோபாவை விட்டு எழுந்தே விட்டார்.

"புருஷன் மூஞ்சிக்கு நேரா இப்படிப் பேச யாருடி சொல்லிக் கொடுத்தது?"

நான் எழவில்லை. பார்வையையும் தாழ்த்தவில்லை.

"நீங்கதான். போன மாசம் உங்க தங்கச்சியை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணினப்போ, இதே ஹால்ல நானும் துணி மடிச்சிட்டுத்தானே இருந்தேன்?"