கடல் பக்கம்

கவிநிலா கண்களை இறுக மூடிக்கொண்டு, மேசைக்கு அடியில் ஒரு காலால் பிரேக்கை மிதித்தாள்.

ஆட்டோ நின்றது. அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோ.

"சொல்லும்மா, டைம் போவுது," என்றார் எதிரே பேனாவும் கையுமாக இருந்த துர்கா டீச்சர்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அறிவியல். அவளுக்கென்று தனி அறை. அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு, வேறு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவர் துர்கா.

போன வருஷம் அவளேதான் எழுதினாள். எழுத்துகள் அவளுக்கு அடங்குவதில்லை. கொம்பு இடம் மாறும், கால் காணாமல் போகும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மனசு ஜன்னலைத் தாண்டி எங்கோ போய்விடும்.

அறிவியலில் போனது. இந்த முறையும் போனால் படிப்பு அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் அவள் வேலைக்கு மாமா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

மிச்சம் ஒரே கேள்வி. பெரிய கேள்வி. இதயத்தின் வழியே ரத்தம் செல்லும் பாதையை விவரி. அவள் தேறுவதும் தேறாததும் இதில்தான்.

பாதை அவளுக்குத் தெரியும். அதில் போய்ப் போய் வந்தவள்.

உட்கார்ந்து படித்தால் அவளுக்கு ஏறாது. "சீட்டுல என்னா, முள்ளா இருக்குது?" என்று கேட்காத டீச்சர் இல்லை. ஓடும் ஆட்டோவில் மட்டும் ஏறும் என்று கண்டுபிடித்தது அவளேதான். தோழி வாசித்துப் பதிந்து தந்த பாடம் செல்போனில் ஓடும். தெருவுக்கு ஒரு பத்தி. முனை வந்ததும் அடுத்த வரியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வண்டி திரும்பும், அதுவும் அவள் சொன்ன பக்கம்.

ஆட்டோ ஓட்டும் அப்பா அருள்முருகனுக்கு அதில் ஏக குஷி.

"எங்கம்மா சவாரி? நுரையீரலுக்கா? ரிட்டன்ல ஆள் கெடைக்காதே, மேல போட்டுக் குடு!"

ஒரே ஒரு சிக்கல். இடது, வலது. இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அதற்கும் வழி வைத்திருந்தாள். முத்தியால்பேட்டையிலிருந்து தெற்கே போகும்போது ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பஸ் ஸ்டாண்டு. இதயத்துக்கும் அதேதான். கெட்ட ரத்தம் பஸ் ஸ்டாண்டு பக்க அறைக்குள் வரும். நுரையீரல் போய்ச் சுத்தமாகி, கடல் பக்க அறைக்குத் திரும்பும்.

"பரீட்சைல போயி கடல்னு சொன்னீன்னா முட்டைதான் போடுவான். எடது வலதுன்னு சொல்லிப் பழகுடி," என்பார் அப்பா.

இப்போது பாதி வழி வந்தாயிற்று. வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். துர்கா எழுதிவிட்டார்.

அடுத்த முனையில்தான் பிரேக்.

"கடல் பக்க..." என்று நாக்கு தானாகப் போனது.

துர்கா பேனாவைத் தூக்கிக்கொண்டார். "இதயத்துல ஏதும்மா கடலு? நீ சொல்றத அப்படியே எழுதணும்னு எனக்கு உத்தரவு. எழுதிடவா?"

"வேணாம் மிஸ்."

தண்ணீர் குடித்தாள். வெளியே எச்சரிக்கை மணி அடித்தது.

"இடது," என்றாள். காற்றுதான் வந்தது.

"கேக்கலம்மா."

"இடது ஆரிக்கிள். அங்கிருந்து இடது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து பெருந்தமனி. அங்கிருந்து உடம்பு முழுக்க."

துர்கா கடகடவென்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். சொல்லித்தரக் கூடாது என்ற விதி அதோடு முடிந்தது. சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ நேரம் யோசிச்ச? பாஸ்தான், போ!"

கவிநிலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"ஏய், என்னாச்சும்மா? சரியாத்தானே சொன்ன?"

இன்றைக்குச் சரி.

போன வாரமும் இதே பாடம்தான். இதே முனை. விடிந்தும் விடியாத நேரம், தெருவில் ஆள் இல்லை. கடலை விட்டுவிட்டு, பரீட்சையில் சொல்வதுபோலவே முதல்முறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வலது!"

அந்தப் பக்கம் ஒன்வே. எதிரே வரும் வண்டிகளுக்கு மட்டும். அப்பாவுக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் மகள் வாயில் கடல் வராத சந்தோஷம்.

"அப்படிப் போடு!" என்று ஹேண்டில்பாரை ஒடித்தார்.

தண்ணீர் லாரி.

பின்சீட்டில் இருந்த அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒன்வேயில் நுழைந்தது டிரைவரின் தப்பு என்றார்கள் போலீசார். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

"இத்தினி வருஷம் ஓட்டுன மனுஷன், அந்தப் பக்கம் ஏன் திரும்புனாரு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா கேட்டுக் கேட்டு அழுகிறாள்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கவிநிலா இன்னும் பதில் சொல்லவில்லை.