சந்தைக் கூட்டத்தில் கோரா

ஹாலிவுட்டில் மௌனப் படங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இயக்குநர் எல்மர் விட்காம் தன் கடைசிப் படத்தின் சந்தைக் காட்சியைச் சோர்வோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

படச்சுருளை வெட்டி ஒட்டும் ஹெட்டி கேட்டாள்: "சார், கூட்டத்துல நிக்கிற இந்தம்மா உங்க எல்லாப் படத்துலயும் வர்றாங்களே, யாரு?"

"என் சம்சாரம், கோரா."

"அவங்க சின்ன வயசுலயே தவறிட்டாங்கன்னு..."

"ஆமா. அடக்கம் பண்ணிட்டு மறுநாளே ஷூட்டிங் வந்துட்டேன்."

திரையில் கோராவுக்குத் தலை நரைத்திருந்தது. படத்துக்குப் படம் அவரைப் போலவே அவளுக்கும் வயதாகிவந்தது.

"வெட்டிடவா, சார்?"

"நிக்கட்டும்மா."

இந்தத் தடவை கோராவின் பக்கத்தில் ஒரு கிழவர் நின்றார். அவர் திரும்பியதும் ஹெட்டி கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். அது விட்காம்.

இருவரும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நடந்தார்கள்.

விட்காம் திரையருகே குனிந்தார். "கூடையில என்ன வாங்கியிருக்கோம்? உனக்குத் தெரியுதா, ஹெட்டி?"