வீட்டுக் கத்தி

எபிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னே? ஜோவிதா மேடம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றால் சும்மாவா!

கத்தி சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மேடம் வைத்ததுதான் சட்டம். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் எடுக்கிறவர். வீட்டில் ஒரு அறை நிறையக் கத்திகள். அதில் பாளை அரிவாள் மட்டும் இரண்டு. பனையேறிகள் பாளை சீவுகிற அரிவாள் அது, காகிதத்தைக் காட்டினாலே இரண்டாகும். ஒன்றை, கத்தியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சும்மாவே கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆள் தானாகவே இருக்கவேண்டும் என்று எபி ஜெபமே பண்ணிவிட்டான்.

முடிச்சூர் வீட்டில் கதவைத் திறந்தவர் மேடத்தின் கணவர் ஜோனத்தான். தோளில் துண்டு, முகமெல்லாம் சிரிப்பு. ரிட்டையர் ஆனதிலிருந்து சமையலறை அவர் ராஜ்ஜியமாம். சாப்பிடாமல் போனால் கோபம் வந்துவிடும் என்று வாசலிலேயே மிரட்டிவிட்டார்.

மேடம் ஒவ்வொரு கத்தியாக எடுத்து மேஜைமேல் வைத்தார். கையில் கொடுக்கமாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம், பிசிக்ஸ் படித்தாலும் இந்த விஷயத்தில் அவர் அப்படித்தான். எபி எடுத்துப் பார்த்தான். அடேயப்பா! ஒரு புள்ளி துரு கிடையாது. ஒவ்வொன்றிலும் மூக்கும் முழியும் தெரிந்தது.

பாளை அரிவாள் மாடியில் இருந்தது. வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு நல்லதெல்லாம் மாடிக்குப் போய்விட்டது. எடுத்துவர மேடம் படியேறினார்.

அந்தச் சமயத்தில்தான் எபி தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குப் போனான்.

ஜோனத்தான் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிக்கொண்டிருந்தார் என்று சொல்வதே தப்பு. மரம் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எபி கத்தியை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான். சுத்த மொண்ணை. சாப்பிடுகிற ஸ்பூனுக்கே இதைவிடக் கூர் அதிகம்.

"என்ன அண்ணா இது, இந்த வீட்டுலயா இப்படி ஒரு கத்தி?"

"அதை ஏன் கேக்கறீங்க தம்பி. அவ சேர்த்து வச்சிருக்கறதெல்லாம் அவ பெத்த புள்ளைங்க. இது மட்டும் மூத்தாள் புள்ளை."

எத்தனையோ தடவை தீட்டித் தரச்சொல்லிக் கேட்டாராம். பார்க்கலாம், பார்க்கலாம் என்பதுதான் பதிலாம். புதுசு வாங்கினாலும் ஒரே மாதத்தில் இந்தக் கதிதானாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எபிக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பது இதுதான் போலிருக்கிறது. மொண்ணைக் கத்திதான் ஆபத்து, அதுதான் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும் என்று குரூப்பில் மூச்சுக்கு மூச்சு பாடம் எடுக்கிறவர் யார்? சாட்சாத் இதே மேடம். ஊருக்கு உபதேசம், கட்டின புருஷனுக்கு இந்தத் தகரமா? மேடத்தின்மேல் வைத்திருந்த மரியாதை பொசுக்கென்று இறங்கியது.

அவனுக்குக் கை பரபரத்தது. சாணைக்கல் இல்லாவிட்டால் என்ன, பீங்கான் கப் இருக்கிறதே! ஒரு காபி கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரவென்று இருக்கிற வளையத்தில் கத்தியை வைத்து இழுத்தான். சரக், சரக். கொஞ்ச நேரத்தில் கத்தி பளபளவென்று முழித்துக்கொண்டது.

"இப்ப வெட்டிப் பாருங்கண்ணா."

ஜோனத்தான் வெட்டினார். கத்தி பீட்ரூட்டுக்குள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மனுஷன் சின்னப் பிள்ளையாகிவிட்டார். டக்டக்கென்று ஒரே தாளம். காய் மெல்லிசு மெல்லிசாக விழ விழ, இரண்டு பேருக்கும் ஒரே குஷி. அரிவாள் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, மேடத்தை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று எபி தீர்மானித்துக்கொண்டான்.

அந்த டக்டக் சத்தம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மேடத்துக்கும் கேட்டது. கையிலிருந்த பாளை அரிவாளை அப்படியே படியில் வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"கீழ வைங்க. கத்தியைக் கீழ வைங்க."

"பாரேன் ஜோவி, தம்பி ரெண்டே இழுப்புல..."

மேடம் அவர் இடது கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார். பீட்ரூட் சாயம் ஓடியது. நாலு விரல் வெளுத்தது. ஆள்காட்டி விரல் மட்டும் வெளுக்கவேயில்லை. கழுவக் கழுவச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது.

ஜோனத்தான் யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"இது எப்பப் பட்டுது?" என்று கேட்டார்.

மேடம் விரலை இறுக்கிக் கட்டி, அவரை ஹாலில் உட்கார வைத்துவிட்டு வந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தார். எபி மன்னிப்புக் கேட்க வாயெடுத்துக்கொண்டே பின்னால் போனான்.

மேடம் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, கத்தியின் விளிம்பைத் தரையில் செங்குத்தாக வைத்துத் தேய்த்தார். கத்தி கிறீச்சிட்டது. எபிக்குப் பல் கூசியது.

"சுகர் வந்து அவருக்கு விரல்ல உணர்ச்சியே போயிடுச்சு, எபி. சமையலை விடச் சொன்னா மனசு ஒடிஞ்சிடுவார். அதான், அவர் கடைக்குப் போற நேரம் பார்த்து, இது கூர் ஏறாம நான்தான் பார்த்துக்கறேன். அவர் என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."