மூன்று வேலைகளை மறுத்தவள்

"என் பையன் பட்டம் வாங்கின மறுமாசமே விமானம் ஏறிட்டான். இப்ப போன்ல பிடிக்கறதே பெரும்பாடு" என்றாள், டாக்டருக்காகக் காத்திருந்த தையல்காரம்மா.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க கொடுத்துவெச்சவங்கம்மா. என் பொண்ணு கட்டடப் பொறியியல்ல முதல் மாணவி. மூணு வேலை வந்துச்சு. மூணையும் வேணாம்னுட்டு வீட்டுலயே சுத்தி வர்றா. கேட்டா சிரிக்கிறா! நான் எத்தனை நாளைக்குத்தான் கத்தறது?"

"கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"அவ எங்க மசியறா!"

அப்போது மருந்துப் பையோடு வந்த ஓர் இளம்பெண், குனிந்து அவர் செருப்பின் வாரை மாட்டிவிட்டாள். பெரியவரின் முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணைப் பாருங்க. யார் பெத்ததோ, எங்க போனாலும் கூடவே வருது. இதுல பாதிப் பொறுப்பு என் பொண்ணுக்கு இருந்தா நான் ஏன் புலம்பறேன்?"

தையல்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க. அப்பாவுக்கு அப்பப்ப என் முகம் மறந்துபோயிடும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னவள், அவர் பக்கம் திரும்பினாள். "எழுந்திருங்க ஐயா. வீட்டுக்குப் போனதும் நானே அவளை ஒரு பிடி பிடிக்கிறேன்."

"நல்லா உறைக்கிற மாதிரி கேளும்மா" என்றபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் பெரியவர்.